செட்டிநாட்டு வீடு ஏன் அவ்வளவு பெரிது, ஏன் பூட்டிக் கிடக்கிறது?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் போய்வந்த ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒரு குடும்பம் குடியிருக்க, ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு எதற்கு? சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசினார்கள் என்பது நிஜமா, கதையா? இத்தனை பணத்தைக் கொட்டிக் கட்டிய வீடுகளை ஏன் பூட்டிப் போட்டிருக்கிறார்கள்?

முட்டைக் கதை நிஜம்தான். அதைப் பின்னால் சொல்கிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான்: அவை தினப்படி வாழ்வதற்கென்று கட்டிய வீடுகள் அல்ல. பங்குக்காகவும் சடங்குக்காகவும் கட்டியவை. 'பணத்தைக் காட்டக் கட்டினார்கள்' என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பணத்தைக் காட்டவும் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உள்ளே போனால் வீட்டின் அமைப்பு ஒன்றுகூடப் புரியாது.

இவற்றைக் கட்டியவர்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்களின் குடும்ப முறை கொஞ்சம் தெரிந்தால்தான் வீடு விளங்கும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள்தான் செட்டிநாடு. முன்பு 96 ஊர் இருந்தது என்பார்கள். நகரத்தார் ஒவ்வொருவரும் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோவில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர். கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'புள்ளி' ஆகிவிடுவார்கள். கோவிலுக்கு வரி கொடுப்பது, ஊர்க்காரியங்களுக்குக் கணக்கெடுப்பது எல்லாமே புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். மகனுக்குக் கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்தில் பெற்றோரே அவனையும் மருமகளையும் 'வேறு வைத்து'விடுவார்கள். அதாவது தனிச் சமையல், தனிக் கணக்கு. சண்டை போட்டுக்கொண்டு பிரிவது அல்ல இது, முறைப்படி செய்யும் ஏற்பாடு. ஆக, கூரை ஒன்று, அடுப்பு ஐந்தாறு. வெளியிலிருந்து பார்த்தால் கூட்டுக் குடும்பம். உள்ளே ஒவ்வொரு தம்பதியும் தனிக் குடும்பம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். தெருமட்டத்திலிருந்து பல படி உயரத்தில் முகப்பு. இரண்டு பக்கமும் அகலமான திண்ணை, அதில் வரிசையாகத் தேக்கு மரத் தூண்கள். கணக்குப்பிள்ளை சாய்வு மேசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடம் இது. வட்டிக் கணக்கு, ஊர்ப் பஞ்சாயத்து, சம்பந்தம் பேச வந்தவர்களின் முதல் பேச்சு எல்லாம் இங்கேதான். பிறகு தேக்கு நிலைவாசல். நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யாளி, கொடி, கிளி என்று விரல் வைக்க இடமில்லாமல் செதுக்கியிருப்பார்கள். பெரிய வீடுகளில் இதற்கு அடுத்து, பளிங்குத் தரையும் ஆளுயரக் கண்ணாடிகளும் சரவிளக்கும் உள்ள ஒரு கூடம் வரும். இதை 'ஆல்வீடு' என்பார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளோடும் பெரிய வியாபாரிகளோடும் பழக்கம் வந்த பிறகு சேர்ந்த பகுதி அது. பழைய வீடுகளில் கிடையாது.

அதைத் தாண்டினால் வளவு. வீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த பத்தி, பத்தியை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் முன்னும் பின்னுமாக இரண்டு அறைகள். இதன் பெயர் 'இரட்டை வீடு'. ஒரு மகனுக்கு ஒரு இரட்டை வீடு, அவ்வளவுதான் அவன் பங்கு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். சின்ன அறை, வெளிச்சம் குறைவு. இத்தனை பெரிய மாளிகையில் ஒரு தம்பதிக்குச் சொந்தமாக இருந்தது அந்தச் சின்ன இடம் மட்டும்தான். அங்கே பெரும்பாலும் மனைவி கொண்டுவந்த சாமான்களே நிறைந்திருக்கும்: வெள்ளி, பித்தளை, பீங்கான், எனாமல் பாத்திரங்கள், மரப்பெட்டிகள். படுக்கை, பேச்சு, பிள்ளைகள் விளையாட்டு எல்லாம் பத்தியில்தான். வீடு எவ்வளவு பெரிதானாலும் தனக்கென்று இருப்பது கொஞ்சம், பொதுவில் இருப்பது நிறைய. நான் இந்த வீடுகளில் மிகவும் மதிப்பது இந்தக் கணக்கைத்தான்.

வளவுக்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் மூன்றாங்கட்டு. பந்தி போடும் நீளமான சாப்பாட்டுக் கூடம், சாமான் அறைகள், அடுப்படி, கிணறு, ஆட்டுக்கல், அம்மி. நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார்களின் ஆட்சி நடந்த பகுதி. நெல் அவிப்பது, வற்றல் காயவைப்பது, பலகாரம் சுடுவது எல்லாம் இங்கே. கடைசியில் ஒரு கதவு, அதைத் திறந்தால் பின் தெரு. முன்வாசல், முற்றங்கள், பின்வாசல் அத்தனையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எல்லாக் கதவையும் திறந்துவைத்தால் முன் தெருவில் நிற்பவருக்குப் பின் தெருவின் வெளிச்சம் தெரியும். அழகுக்காக மட்டும் இப்படி வைக்கவில்லை. மே மாத வெயிலில் முற்றத்தின் சூடான காற்று மேலே ஏற, அந்த நேர்கோட்டில் காற்று இழுபட்டு உள்ளே வரும். தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடும் சேர்ந்து, வெளியே அனல் அடிக்கும்போதும் பத்தியில் பாய் விரித்து நிம்மதியாகத் தூங்கலாம்.

மழையையும் இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். மழை குறைந்த, செம்பறாங்கல் பூமி இது. சுற்றுக் கூரை எல்லாம் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். மூலைகளில் விழும் தண்ணீரை அண்டாக்களில் பிடித்தது போக, மிச்சம் முற்றத்துக் கல் வழியாக வடிந்து தெரு வாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து ஊருணியில் சேரும். தனி வீட்டின் வடிகால் ஊரின் நீர்நிலையோடு இணைந்திருந்தது. அந்த வாய்க்கால்களைப் பல ஊர்களில் இப்போது மூடியும் மறித்தும் விட்டார்கள். வீடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள்கூட இதைப் பேசுவது குறைவு. எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, சடங்குக்கு வருவோம். நகரத்தார் கல்யாணம் நடக்க வேண்டிய இடம் மண்டபம் அல்ல, வீடு. மணமகளின் கழுத்தில் கழுத்துரு என்கிற நகரத்தார் தாலி ஏறுவதும், இரு வீட்டாரும் உட்கார்ந்து 'இசைபிடிமானம்' என்கிற கல்யாண ஒப்பந்தத்தை எழுதுவதும், மாமியார் வீட்டுக்குப் போகும் சாமான்களைப் பரப்பிவைப்பதும் இங்கேதான். ஊரழைத்து, உறவழைத்து, பல நாள் பந்தி நடக்கும். அறுபது, எண்பது வயதுக் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கார்த்திகைக்குப் பின் வரும் பிள்ளையார் நோன்பு என்று மற்றவையும் உண்டு. முகப்பு ஆண்கள் கூட, வளவு சடங்கு நடக்க, இரண்டாங்கட்டு பந்தி போட, மூன்றாங்கட்டு சமைக்க என்று நூற்றுக்கணக்கான பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடமாடும்படி அமைந்த வீடு அது. ஒரு கல்யாணத்தன்று உள்ளே நின்று பார்த்தால் 'எதற்கு இவ்வளவு பெரிய வீடு' என்ற கேள்வியே வராது. மற்ற நாட்களில் இருந்தது பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். ஆண்கள் பலர் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போயிருப்பார்கள்.

கொண்டுவிற்கப் போன இடங்கள் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன். எல்லாவற்றுக்கும் மேலாக பர்மா. 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, அரிசி ஐரோப்பாவுக்குப் போகும் வழி சுருங்கியது. ஐராவதி டெல்டாவில் காடழித்து நெல் போட்டார்கள். உழவனுக்குக் கடன் தேவைப்பட்டது, வெள்ளைக்கார வங்கிகள் அவனை நெருங்கவில்லை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது செட்டியார் பெட்டி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று சில பேர், ஒரு மரப்பெட்டி, ஒரு பாய், கணக்குப் பேரேடு, அவ்வளவுதான் கடை. பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில் போய் வருவார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் பெட்டிகள் இருந்ததாக அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது.

வீட்டின் வரலாற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர்களால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் பெட்டிகளுக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது பணம்தான், நிலம் அல்ல. ஆனால் நிலத்தை இழந்த உழவனுக்கு அந்த வித்தியாசம் என்ன ஆறுதல் தரும்? இந்தத் தேக்குத் தூண்களில் அந்த வயல்களும் இருக்கின்றன. வீட்டை எவ்வளவு நேசித்தாலும் அதை மறைத்துப் பேசக்கூடாது.

தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இலங்கையிலிருந்து முதிரை மாதிரியான மரங்கள், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்திலிருந்து வார்ப்பிரும்புத் தூண்கள், ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பூ ஓடுகள். இவற்றைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ வெளியிலிருந்து வந்த சரக்கைவிட உள்ளூர்க் கைகள் செய்த இரண்டு வேலைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

ஒன்று, அந்த முட்டை வெள்ளைக்கருப் பூச்சு. கிளிஞ்சல் அல்லது கல் சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மாடு பூட்டிய செக்கில் மணலோடு அரைப்பார்கள். கலக்கும் தண்ணீரில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறியிருக்கும். முதல் பூச்சு கரடாக இருக்கும். மேலே போகப் போகச் சல்லடையில் சலித்த நைசான சுண்ணாம்பு. கடைசிப் பூச்சுக்கு, வெண்ணெய் மாதிரி அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலப்பார்கள். வெள்ளைக்கரு பசையாகப் பிடித்துக்கொள்ளும், கருப்பட்டியின் சர்க்கரை கலவை சீக்கிரம் இறுகாமல் வேலை செய்ய நேரம் கொடுக்கும், கடுக்காய் உறுதி சேர்க்கும். அதன் பிறகுதான் உண்மையான உழைப்பு. பூச்சு காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பளபளப்பு ஏறும்வரை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது. அதனால் வயதாக ஆக இறுகும். நூறு வருடம் ஆன சுவரைத் தொட்டுப் பாருங்கள், பளிங்கைத் தொட்டது போல ஜில்லென்று இருக்கும். வெள்ளையடிக்கவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். இப்போது சிலர் இந்தச் சுவர்மேல் எமல்ஷன் பெயின்ட் அடிக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும். பெயின்ட் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பாளம் பாளமாக உரிந்து வரும்.

இன்னொன்று ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் வண்ண ஓடு. இதைச் சூளையில் சுடுவதே இல்லை. தட்டையான ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சதுரச் சட்டத்தை வைப்பார்கள். அதற்குள் பூ, கட்டம், கொடி என்று வடிவம் வெட்டிய உலோக அச்சு. கண் ஒவ்வொன்றிலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை ஆடாமல் மேலே தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், கலக்காது. சிமென்ட்டும் அந்த ஊர் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, மேலே ஈரக்கலவை வைத்து மட்டம் தட்டுவார்கள். காய்ந்த பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். வெயிலில் வைத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். கண்ணாடியை ஒட்டியிருந்த முகம் கண்ணாடியின் வழவழப்போடு வரும். கால் படப் பட மினுக்கம் கூடும், பூட்டிவைத்தால் மங்கும். ஆத்தங்குடியில் இன்றும் பட்டறைகள் ஓடுகின்றன. போனால் பத்து நிமிடத்தில் ஒரு கல் உருவாவதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

முகப்பின் தோற்றத்தை வைத்துக் காலத்தை ஓரளவு சொல்லலாம். பழைய வீடுகள் அடக்கமானவை: தாழ்வான ஓட்டுக்கூரை, மரத்தூண் திண்ணை, அலங்காரம் எல்லாம் நிலையில் மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மாடி ஏறுகிறது, மேலே கைப்பிடிச் சுவர் நீள்கிறது, அதில் சுதைப் பொம்மைகள். லட்சுமிக்கும் கண்ணனுக்கும் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பான். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இந்த வளர்ச்சியின் உச்சம். அவர்தான் 1929-ல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிறுவனர். 1930, 40-களில் கட்டியவற்றில் வளைந்த பால்கனி, நேர்க்கோடுகள், கான்கிரீட் என்று பம்பாயின் பாணி வந்துவிடுகிறது. ஆனால் முகப்பு எந்தச் சீமை வேஷம் போட்டாலும், உள்ளே வளவும் இரட்டை வீடும் இடம் மாறவே இல்லை. வெளியே கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் எவ்வளவு சுதந்திரம் வேண்டுமானாலும் கொடுத்தார்கள், உள் அமைப்பில் கை வைக்கவிடவில்லை.

1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் காடு மலை வழியாக நடந்தார்கள். போருக்குப் பிறகு திரும்பிப் போய் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. சுதந்திர பர்மா 1948-லேயே நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு வருடங்களில் வங்கி, வணிகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குத் தீனி போட்ட வரும்படி அதோடு நின்றது. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, கோவை, மும்பை, அமெரிக்கா என்று போனார்கள்.

இப்போது பங்குக் கணக்கு வேறு வேலை செய்யத் தொடங்கியது. கட்டியவருக்கு நாலு மகன் என்றால் நாலு பங்கு. மூன்று, நாலு தலைமுறை கழிந்ததும் நாற்பது, ஐம்பது பங்கு சேர்ந்துவிட்ட வீடுகள் உண்டு. விற்க வேண்டுமானால் அத்தனை கையெழுத்தும் வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் நியூஜெர்சியில். ஒருவருக்கு விற்க மனமில்லை, ஏனென்றால் அவர் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனாலேயே பல வீடுகள் தப்பித்தன. ஆனால் கூரையில் ஓடு உடைந்தால் மாற்றுவது யார்? தன் இரட்டை வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போக எல்லோருக்கும் உரிமை உண்டு. பொதுவான வளவில் ஒழுகும் மழைக்கு யாரும் தனியாகப் பொறுப்பில்லை. ஒரு பருவமழை ஒழுகினால் உத்தரம் ஊறும், கரையான் ஏறும், சில வருடங்களில் ஒரு பக்கக் கூரை இறங்கிவிடும். அந்த நிலைக்கு வந்ததும்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், அதுவும் இடிக்க. நிற்கும் வீட்டைவிடப் பிரித்த தேக்குக்கும் தூணுக்கும் நிலைக்கும் நல்ல விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் இருக்கும் நிலைகள் பலவும் அப்படி வந்தவைதான்.

இதற்கு வழியே இல்லையா என்றால், வழி கண்டுபிடித்த குடும்பங்கள் இருக்கின்றன. பங்காளிகள் சேர்ந்து அறக்கட்டளை மாதிரி வைத்து, வருடத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக்குப் போடுகிறார்கள். கோவில் வரிக்கு இருந்த அதே பழைய முறைதான், வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. என் பார்வையில் இதுதான் உருப்படியான வழி. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன, அதில் கோத்தமங்கலத்தில் ஒன்றை இரண்டு பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் சீரமைத்தார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் நல்லதுதான், ஆனால் அது ஓடு மாற்றாது.

கேள்வி கேட்டவர் திரும்பப் போவதாக எழுதியிருக்கிறார். அவருக்கு இதைச் சொல்கிறேன். ஆத்தங்குடியில் 'பெரிய வீடு' என்கிற மாளிகையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடுகிறார்கள், முதலில் அங்கே போங்கள். விதானத்தைப் பார்க்கும் அவசரத்தில் வளவுக் கதவுகளை எண்ணாமல் வந்துவிடாதீர்கள். கதவுகளை எண்ணினால் கட்டியவர் எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டார் என்று தெரியும். கானாடுகாத்தானில் தெருத்தெருவாக நடங்கள், காலை நேரம் நல்லது. பூட்டிய வீட்டில் காவலுக்கு இருப்பவரிடம் கேட்டால் சில சமயம் முகப்பு வரை விடுவார், அவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். திறந்திருக்கிறதே என்று நேராக உள்ளே போக வேண்டாம், அது பலருக்குச் சாமி கும்பிடும் வீடு. முடிந்தால் தை மாத முகூர்த்த நாட்களில் போங்கள். வாசலில் வாழை மரம் கட்டிய வீடு தென்பட்டால் வெளியே நின்றே பாருங்கள். பெரும்பாலும் அந்த வீட்டு ஆச்சியே 'உள்ளே வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க' என்று கூப்பிட்டுவிடுவார்.